ஜீப்புக்குப் போன போத்தல்

பேராதனை
12.03.1998

அன்பு மகன் அம்பிகைபாகனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகம், மனம்தான் இன்னும் ஆறவில்லை. நீயும் மருமகளும் அந்தக் குளிரில் நலமாயிருக்க வேண்டும்.

கார் பம்பர் வெயிலில் வெளுத்துச் சாம்பலாகிவிட்டதென்று அப்பா எப்போதோ சொன்னதை நினைவில் வைத்து நீ அனுப்பிய பூச்சுப் போத்தல் வந்து சேர்ந்தது. கண்டித் தபாற்கந்தோரில் எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் காரில் வரும் வழியில் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். தை மாதம் கண்டியில் குண்டு வெடித்ததிலிருந்து அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைக் கண்டாலே காரை ஓரங்கட்டச் சொல்கிறார்கள். இது என்ன மருந்து, யார் தந்தது என்று துருவினார்கள். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பியது, பிளாஸ்டிக்கில் பூசுவது என்று அப்பா சிங்களத்தில் விளக்கினார். அப்படியென்றால் பூசிக் காட்டு என்றான் அதிகாரி, உன் வயதுதான் இருக்கும், ஒரு மரியாதை கிடையாது. அப்பா கொதிக்கிற ரோட்டில் முழங்காலூன்றி பம்பரின் ஒரு மூலையைத் தேய்த்தார். சாம்பல் மறைந்து கறுப்பு வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம்தானே, விடவில்லை. தன் ஜீப்பின் சில்லுகளுக்கு மேலே வளைந்திருக்கிற பிளாஸ்டிக்கும் வெளுத்துப்போய்விட்டதாம், அதையும் செய்யட்டாம். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தைப் பொறுப்பாக நடத்திய மனுசன் அவர், மகன்! நான் கதவைத் திறந்து இறங்கி, உன்ர தகப்பனையும் இப்படி ரோட்டில இருத்துவியோ என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். வாயைத் திறந்தால் ஐயா இன்றைக்கு வீட்டுக்கு வரமாட்டார் என்றான். கமலா, நீர் உள்ளுக்கு இரும் என்று அப்பா சொன்னார், இருந்தேன்.

பிறகு நடந்ததைக் கேள். மண்ணோடு பூசினால் பிடிக்காது, சவர்க்காரம் போட்டுக் கழுவி ஈரம் காயவேண்டும், வெயிலிலும் பூசக்கூடாது என்று அப்பா அவனிடம் சொல்ல, இரண்டு சிப்பாய்கள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கழுவி ஜீப்பை மரத்தடிக்குத் தள்ளினார்கள். அப்பா நாலு வளைவுக்கும் மெல்லிசாக, ஒரே சீராகப் பூசி, ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்தும் விட்டார். அந்த அதிகாரி போத்தலைத் தூக்கி ஜீப்புக்குள் போட்டுக்கொண்டு அடையாள அட்டையை நீட்டினான். நன்றி என்று ஒரு சொல் இல்லை.

வீட்டுக்கு வந்து வெடித்துவிட்டேன், ஏனப்பா அவ்வளவு வடிவாச் செய்தனீங்கள், அள்ளி அப்பிப்போட்டு வந்திருக்கலாமே என்று. எனக்குப் பிழையாச் செய்து பழக்கமில்லை என்றார். சாவியை ஆணியில் மாட்டியவர் பிறகு காரைத் தொடவேயில்லை. பிரஷர் மருந்து எடுக்க ஆஸ்பத்திரிக்கும் நடைதான்.

இதை நான் விடப்போவதில்லை. பக்கத்து வீட்டு ரபீகா டீச்சரிடம் கார் ஓடப் பழகுகிறேன், இந்த வயதில்தான், சிரிக்காதே. அதே வழியால் அப்பாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு போவேன், மறித்தால் நானே இறங்கிப் பேசுவேன். வரமாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நேற்று வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் கார் துள்ளித் துள்ளி நிற்க, வாசல் படலையடிக்கு வந்து, கிளச்சை மெல்ல விடும் என்று சத்தம் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கட்டுக்கலைப் பிள்ளையார் உங்கள் இருவருக்கும் துணையிருப்பார். அப்பாவுடன் தொலைபேசியில் பேசும்போது நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே.

என்றும் உன் நன்மையே வேண்டும்
அம்மா
கமலாசனி