நெற்றி பார்த்து ஒரு டிக்

செப்டம்பர் 9, திங்கள்

தூறல். நாலரைக்கே எழுந்தேன். இருபது தார்க்குச்சியில் நூல் சுற்றி வைக்காவிட்டால் நைனாவின் தறி நின்றுவிடும். ராட்டினக் கயிறு தொய்ந்து தொய்ந்து நழுவியது. சுற்றி முடிக்க ஐந்தே முக்கால். குளியல், அவசரத்தில் பழைய பழக்கமாகச் சாமி மாடத்தில் திருநீறு, ஒரே ஓட்டம்.

பி.டி. டீச்சர் சட்டம்: காலை ஆறு மணிக்கு வெறும் நெற்றியோடு மலையடிக்கு வரணும். முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஓடி ஏறி, மேலே கோயிலில் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு இறங்கணும். டீச்சருக்கு முட்டி வலி, ஏற முடியாது. கீழே நோட்டோடு உட்கார்ந்து, நெற்றியைப் பார்த்து டிக். மூன்று ஆப்சென்டுக்கு மேல் போனால் கோகோ டீமில் பெயர் இருக்காது. அரக்கோணம் போட்டியும் கிடையாது.

நான் போனபோது எல்லோரும் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். திட்டு வாங்கத்தான் போய் நின்றேன். மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. டீச்சர் என் நெற்றியைப் பார்த்தாங்க. டிக்.

அப்புறம்தான் உறைத்தது. பூசியிருந்தது வீட்டுத் திருநீறு. இது பொய்யா? நான் வாயே திறக்கவில்லையே.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஏழரைக்குக் கணக்கு ஸ்பெஷல் கிளாஸ். வீட்டுக்கணக்கு ஒன்றுகூடப் போடவில்லை. போன டெஸ்டில் 28. பதினோராம் வகுப்பில் இந்த மார்க்கு!

கை தானாகத் திருநீற்றுக்குப் போனது என்று எழுதலாம். அப்படி இல்லை. நானேதான் பூசினேன். அடிவாரத்தில் இன்னும் திறக்காத தேங்காய்க் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து நான்கு கணக்கு. எல்லோரும் இறங்கும்போது கூட்டத்தோடு கலந்துவிட்டேன். டிக்.

நாலு கணக்கும் சரி.

செப்டம்பர் 12, வியாழன்

செய்ய வேண்டியது: தார். படி. அல்ஜீப்ரா. குழாயடி. சாயங்காலம் கோகோ. மறுபடி தார்.
செய்தது: படி தவிர எல்லாம்.

அம்மா: "ஓடிகினே இருந்தா கணக்கு எப்பிடி ஏறும்?" நைனா: "ஓடட்டும் உடு." யார் பேச்சைக் கேட்பது? இரண்டுமே சரியாகத்தான் படுகிறது.

குமாரி (இனி கு., முழுசா எழுத சோம்பல்) கே.ஜி.கண்டிகையிலிருந்து வருகிறாள். எங்கள் வகுப்பில் அவளை ஓடிப் பிடித்தவர் இல்லை. இன்று பஸ் வரவில்லை. நடந்தே வந்து சேர்ந்தபோது ஆறே முக்கால். நடந்ததை நடந்தபடி டீச்சரிடம் சொன்னாள். ஆப்சென்ட். இது நாலாவது.

நான் பக்கத்தில், பளிச்சென்று திருநீற்றோடு.

செப்டம்பர் 17, செவ்வாய்

வெயில். கணக்கில் 61.

காலைப் பிரேயரில் பெரிய டீச்சர் என்னை மேடைக்குக் கூப்பிட்டாங்க. விளையாட்டிலும் ஒரு நாள் தவறவில்லை, படிப்பிலும் ஏறியிருக்கிறாள், இவளைப் பார்த்துக் கத்துக்கணும் என்றாங்க. கைதட்டல். கு.தான் ரொம்ப பலமாகத் தட்டினாள்.

வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதுதான் அசிங்கம். டிக் பொய். அந்த டிக்கால் வந்த மார்க்கு நிஜம். எதைத் திருப்பிக் கொடுப்பது?

ரிப்பன் தொலைந்தது.

செப்டம்பர் 20, வெள்ளி

லிஸ்ட் ஒட்டிவிட்டார்கள். பன்னிரண்டாவது பெயர் என்னுடையது. கு. பெயர் இல்லை.

நிஜக் கணக்கு: என் ஆப்சென்ட் ஐந்து. அவளுடையது நாலு.

 அவளே சொன்னாள்: "பஸ்ஸ யாரு போய்க் கேக்கறது, உடு. நீ நல்லா ஆடு."

நான் உண்மையைச் சொன்னால் அவளுக்கு இடம் கிடைக்குமா? இல்லை, இரண்டு பேருக்குமே கிடையாதா? டீமே ஒரு ஆள் குறைந்து போகுமா? ஒன்றும் புரியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அம்மா ரசம் ஊற்றினாள்.

செப்டம்பர் 23, திங்கள்

மேகமூட்டம். தார் இருபதும் முடித்தாயிற்று. திருநீறு பூசவில்லை. வாய்தான் திறக்க மாட்டேன் என்கிறதே, நெற்றியாவது சொல்லட்டும் என்று யோசனை. படி ஏறாமல் கடைக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, வெறும் நெற்றியோடு போய் நின்றேன். இன்று ஆப்சென்ட் விழும். ஏன் என்று கேட்பாங்க. எல்லாம் வெளியே வரும்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாங்க. "வேர்வையில அழிஞ்சிருக்கும்," என்று டிக் போட்டுட்டாங்க.

கு. அப்போதுதான் இறங்கி வந்தாள். டீமில் இல்லாவிட்டாலும் ஓடுகிறாள். உள்ளங்கையில் மிச்சமிருந்த திருநீற்றைத் தொட்டு, "அழிஞ்சி போச்சி பாரு," என்று என் நெற்றியில் பூசினாள். ஓடி வந்த சூட்டில் அவள் விரல் கொதித்தது.

"டீச்சர், நான் ஏறல. இன்னிக்கி மட்டும் இல்ல, அஞ்சாறு நாளு," என்றேன். என் குரல்தானா என்று இருந்தது.

டீச்சருக்குப் புரியவில்லை. "நெத்தியில இருக்குதே," என்றாங்க.

கு. கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டாள். கணக்கு கிளாசில் என் பக்கத்தில் அவள் இடம் காலி. அவள் முதல் பெஞ்சில்.