மூன்றாவது சர்வரில் மட்டும் இருக்கும் குரல்

அனுப்புநர்
நாகலக்ஷ்மி சாம்பசிவன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
வலியசாலை, திருவனந்தபுரம்.

பெறுநர்
நிர்வாக அதிகாரி அவர்கள்,
பார்வையற்றோர் ஒலிநூல் மையம்,
கிழக்கேகோட்டை, திருவனந்தபுரம்.

பொருள்: அணைத்து வைத்திருக்கும் மூன்றாவது சர்வரை இணைக்கும் முன், அதிலுள்ள தமிழ்ப் பாடப் பதிவுகளைத் தனியே எடுத்து வைக்க வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் மையத்தின் கணினிகளைக் கவனித்துவந்த ஷிபு ஒருநாள் என்னிடம் கேட்டார்: "டீச்சரே, மூணு பேருல ரெண்டு பேரு ஒண்ணு சொல்லுது, ஒருத்தன் மாத்திச் சொல்லுது. ஆரெ நம்புவீங்க?" இரண்டு பேரைத்தான் என்றேன். சர்வர்களும் அப்படித்தான் என்று சிரித்தார். அன்று அது எனக்கு நியாயமான கணக்காகவே தெரிந்தது.

2. ஒவ்வொரு பதிவும் மூன்று சர்வர்களிலும் இருக்குமாம். அவற்றை ஆள் நடத்துவதில்லை. பின்னணியில் ஓடும் சில மென்பொருள்கள் நடத்துகின்றன. ஒன்று, ஒவ்வொரு சர்வரையும் 'இருக்கிறாயா' என்று ஓயாமல் கேட்கும். பதில் வராததை விட்டுவிட்டு மற்ற இரண்டோடு வேலையைத் தொடரும். இன்னொன்று, போன சர்வர் திரும்பி வந்ததும் அதை மற்ற இரண்டைப் போலவே திருத்திவிடும்.

3. என் கணவர் சாம்பசிவன் மேல்நிலை வகுப்புத் தமிழ்ப் பாடங்களைத் தங்கள் மையத்தில் வாசித்துப் பதிவு செய்தார். பாடம் தொடங்கும் முன் நீளமாக மூச்சு வாங்குவார். பத்திக்குப் பத்தி "புரிஞ்சுது, அல்லே?" என்பார். பிள்ளைகள் அவருக்கு 'அல்லே சார்' என்றே பெயர் வைத்தார்கள். கடைசிப் பாடம் முடிந்த சில வாரங்களில் காலமானார்.

4. சென்ற மழையில் அறை ஒழுகியதால் மூன்றாவது சர்வர் அணைக்கப்பட்டது. அந்த இடைவெளியில், இடம் போதாமல் பழையவற்றை நீக்கியபோது மற்ற இரண்டு சர்வர்களிலிருந்தும் இந்தப் பதிவுகளும் தவறி நீக்கப்பட்டன. நீக்கியவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பட்டியலில் பெயர் நிற்கிறது. தேர்வுக்குப் படிக்கும் பார்வையற்ற மாணவி சபீனா பாடத்தை அழுத்தினால், "வாசிப்பவர் சாம்பசிவன்" என்கிறது கணினி. பிறகு ஒன்றுமில்லை. அவள் ஹெட்போனைக் கழற்றாமல் வெகுநேரம் இருந்துவிட்டு, "சார் இன்னும் மூச்சு வாங்கிட்டா இருக்காங்க, டீச்சர்?" என்று கேட்டாள்.

5. அணைந்திருந்த மூன்றாவது சர்வருக்கு நீக்கிய செய்தி தெரியாது. அதில் அவர் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறார். வேறு நகல் இல்லை. இணைத்ததும் அந்தத் திருத்தும் மென்பொருள் இதையும் மற்ற இரண்டைப் போல அழித்துவிடும். வகுப்பில் இப்படி நடப்பதுண்டு. நீண்ட விடுப்பிலிருந்து வரும் பிள்ளை, தோழி டி.சி. வாங்கிப் போனது தெரியாமல் பக்கத்தில் அவளுக்கு இடம் பிடித்து வைக்கும். அப்படி யாரும் இல்லை என்று சொல்லி லீடர் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவாள். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

6. ஷிபு இப்போது விழிஞ்ஞத்தில் வேறு வேலையில் இருக்கிறார். வரும் திங்கட்கிழமை புதியவர் ஒருவர் மூன்றையும் இணைப்பார் என்று அறிந்து நேரில் வந்தேன். அலுவலகத்தில், "அதெல்லாம் தன்னாலே சரியாயிடும் டீச்சர்" என்று ஆறுதல் சொன்னார்கள். தன்னாலே சரியாகிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த மனு.

இரண்டு சாட்சிகளுக்கு எதிராக ஒன்றை நம்பும்படி கேட்கிறேன். பதிவுகளை எடுத்தபின் மூன்றையும் தங்கள் விருப்பம்போல் இணைத்துக்கொள்ளலாம். சபீனாவுக்கு மார்ச்சில் தேர்வு.

இடம்: திருவனந்தபுரம்
நாள்: 15.01.2009

தங்கள் உண்மையுள்ள,
நாகலக்ஷ்மி சாம்பசிவன்

பி.கு.: புதியவரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: முதலில் மூன்றாவது சர்வரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள்; பிறகு சுவிட்சைப் போடுங்கள்.