பால் டம்ளரைத் தொட்டவர் அவுட்

ஜூன் 4

இன்றைய சொற்கள்: பைட் – கடி. ச்யூ – மெல்லு. ஸ்வாலோ – விழுங்கு.

கைப்பேசியில் ஒரு நிகழ்ச்சி பார்க்கிறேன். நடிகர்களையும் பாட்டுக்காரர்களையும் மேசையைச் சுற்றி உட்காரவைத்து, முழு எலுமிச்சம்பழம், பச்சைமிளகாய், கரண்டி நிறையக் கடுகு விழுது என்று தின்னச் சொல்கிறார்கள். நடுவில் ஒரு பால் டம்ளர். தாங்காமல் அதைத் தொட்டவர் அவுட். அவர்கள் அலறும் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் நிறுத்தி, கீழே தமிழில் பொருள் போடுகிறார்கள். அதை நானே படிக்கிறேன்! போன வருஷம்தான் எழுத்துக் கூட்டக் கற்றேன். பக்கத்தில் உட்கார்ந்து, "எழுதுங்க குழாய்க்காரரே, தூங்காதீங்க" என்று விரட்டியவள், இந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் என் மனைவி, இவள்தான். அதற்குள் இரண்டாவது மொழி. கொழுப்புதான் எனக்கு.

ஆனால் காரணம் இருக்கிறது. வாதம் வந்து இவளுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறுகிறது, விழுங்க வரவில்லை. மூக்கில் மெல்லிய குழாய் விட்டு ஆகாரம் கொடுக்கிறார்கள். விழுங்கப் பழக்குபவர் ஒரு வெளிநாட்டுப் பெண். ஆங்கிலம் மட்டும்தான். நர்ஸ் பக்கத்தில் இல்லாத நேரம், இவளுக்கு எடுத்துச் சொல்ல நான்தானே இருக்கிறேன்?

ஜூன் 6

டாக்டர் சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் எக்ஸ்ரே அறையில் வைத்து, கூழ் மாதிரி ஒன்றை விழுங்கச் சொல்லிப் பார்ப்பார்களாம். முடியாவிட்டால் வயிற்றில் துளை போட்டுக் குழாய். அது நிரந்தரம்.

பயிற்சிக்காரம்மா படம் வரைந்து காட்டினார். தொண்டையில் இரண்டு குழாய். ஒன்று சாப்பாட்டுக்கு, ஒன்று மூச்சுக்கு. நடுவில் ஒரு மூடி. மூடி சரியாக விழாவிட்டால் புரை ஏறி நுரையீரலுக்குப் போய்விடும். எனக்கா புரியாது? வால்வு கோளாறு.

வாழ்நாள் முழுக்க ஊரார் வீட்டில் குழாய் போட்டேன். இவளுக்கு ஒன்று போட விடமாட்டேன்.

ஜூன் 9

நர்ஸ் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். "தாத்தா, வாயில பச்சத்தண்ணி படாம கிடக்கறாங்க. அவங்க முன்னாடி சாப்பாட்டு வீடியோவா? உங்களுக்கே நல்லாருக்கா?"

நியாயம்தான். அணைத்தேன். இவள் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினாள். மறுபடி போட்டேன்.

மொட்டைத்தலை நடிகன் எலுமிச்சையைக் கடித்து முகத்தைக் கோணினான். இவள் முகமும் கோணியது. வாயில் எச்சில் ஊறியது. தொண்டை மேலே ஏறி இறங்கியது.

இறங்கியதா? இல்லை, நான் ஆசைப்படுவதால் அப்படித் தெரிகிறதா?

ஜூன் 12

ஐ கான்ட் – என்னால் முடியாது. எல்லா நட்சத்திரங்களும் சொல்கிறார்கள். இவள் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 15

எழுதியே ஆகணும்.

பாட்டுக்காரி மிளகாயைத் தின்னுட்டு அழுதா. பால் டம்ளரை எடுத்துக் குடிச்சா. இவ அதைக் கை காட்டினா. என்னைப் பார்த்தா. வாயைத் திறந்தா. என் பிளாஸ்க்கில பால் இருந்தது. ஒரு கரண்டிதானேன்னு—

இருமக்கூட வரல அவளுக்கு. முகம் நீலமாச்சு. நர்ஸ் ஓடி வந்து மெஷின் வச்சு உறிஞ்சி எடுத்தாங்க.

படம் போட்டுக் காட்டினாங்களே. ரெண்டு குழாய்னு காட்டினாங்களே. குழாய்க்காரனாம் நான்.

ஜூன் 16

காய்ச்சல். நெஞ்சில் கரகரவென்று சத்தம்.

மகன் கைப்பேசியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "போதும்பா உங்க இங்கிலீஷு. அம்மா பொழச்சு வந்தாப் போதும்."



ஜூன் 19

காய்ச்சல் விட்டது. ஆனால் பயிற்சிக்கு வாயே திறக்க மாட்டேன் என்கிறாள். உதடு காய்ந்து வெடித்திருக்கிறது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். என் மேல் கோபமா, பயமா? கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜூன் 21

பயிற்சிக்காரம்மாவை நடைபாதையில் வழிமறித்தேன். நர்ஸ் இல்லை, மகன் இல்லை. தெரிந்த சொற்களை எல்லாம் கொட்டினேன்.

"மிஸ். மில்க், ஐ கிவ். பேட். ஸாரி."

தெரியும் என்று தலையாட்டினார். நான் விடவில்லை. "லெமன் மேன் பைட். ஷி ஸ்வாலோ. நோ போன், நோ ஸ்வாலோ."

அவருக்கு விளங்கவில்லை. வேறு வழியில்லை. இல்லாத எலுமிச்சையை அங்கேயே கடித்து, மொட்டையன் மாதிரி முகத்தைக் கோணி, விழுங்கிக் காட்டினேன். தரை துடைத்தவர் சிரித்துவிட்டார். பயிற்சிக்காரம்மா சிரிக்கவில்லை. தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

மொட்டையனைத் தேடி எடுத்து இவள் முன்னால் பிடித்தேன். சுவரிலிருந்து முகம் மெல்லத் திரும்பியது. அந்த அம்மா இவள் தொண்டையில் விரல் வைத்தார். அவன் கடித்தான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இவள் தொண்டை ஏறி, அவர் விரலை லேசாக மேலே தூக்கியது.

"அகெய்ன்" என்றார். மறுபடியும்! இந்தச் சொல் எனக்குத் தெரியும்.

சாயங்காலம், பயிற்சிக்காரம்மா சொன்னதை எல்லாம் நர்ஸ் மகனிடம் சொன்னார். அவன் என் கைப்பேசியைக் கட்டில்மேல் வைத்தான். "சார்ஜ் ஏத்தி வச்சிருக்கேன்பா." பிளாஸ்க்கை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டான்.

ஜூன் 27

எக்ஸ்ரே அறை. கைப்பேசி கூடாது என்று வாசலிலேயே வாங்கிவிட்டார்கள். நானும் மகனும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். திரையில் இவள் தாடை எலும்பு, கழுத்தெலும்பு எல்லாம் தெரிகிறது. பயிற்சிக்காரம்மா கரண்டியை வாயில் வைத்தார். "ஸ்வாலோ."

நாக்கின்மேல் கறுப்பாக நின்றது. நகரவில்லை.

"ஸ்வாலோ."

நகரவில்லை. டாக்டர் பேனாவை எடுத்தார். மகன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். இவள் கண் என்னைத் தேடியது.

எனக்கு என்ன தோன்றியதோ. கண்ணாடியருகே போய் இல்லாத எலுமிச்சையைக் கடித்தேன். முகத்தை எவ்வளவு கோண முடியுமோ அவ்வளவு கோணினேன். உடனே உறைத்தது – சிரித்துவிட்டால் புரை ஏறுமே! சிரிச்சிடாதடி. சிரிச்சிடாத.

சிரிக்கவில்லை. முகம் கோணியது. திரையில் அந்தக் கறுப்பு உருண்டு, பின்னால் போய், மூடியைத் தாண்டி, இறங்கியது. சரியான குழாயில்.

டாக்டர் சொன்னது: வயிற்றுக் குழாய் இப்போதைக்கு வேண்டாம். கூழ் மாதிரி கெட்டியான ஆகாரம் கரண்டி கரண்டியாகப் பழக்கலாம். பால், தண்ணீர் மட்டும் அவர் சொல்லும்வரை கூடாது. கடைசி வரியைச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

ஆகஸ்ட் 30

வீட்டில் இருக்கிறோம். நேற்று டாக்டர் அனுமதி கொடுத்தார். இன்று காலை நிமிர்ந்து உட்கார்ந்து, டம்ளரைத் தானே பிடித்து, மடக்கு மடக்காகப் பால் குடித்தாள். கடைசி மடக்கு இறங்கும்வரை நான் மூச்சு விடவில்லை.

ஆட்ட விதிப்படி அவுட். சொன்னேன்.

"சக்கரை பத்தல, குழாய்க்காரரே" என்றாள். குழறல்தான். ஆனால் எனக்கு எல்லா எழுத்தும் கேட்டது.