நீலக் குடை ஒன்று, பெரியது

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருந்தது. குறைந்த கையோடு ஏணி ஏறி உன் அறைக்கு வெள்ளையடித்து, வலியை மறுபடி வரவழைத்துக்கொண்டார். அடுத்த மாதம் நீ வந்துவிடுவாய் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

இதுவரை எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இனி எழுதப்போவதை வாசிக்க மாட்டேன். அலுவலகக் கணினியிலிருந்து அனுப்பினால் மேலாளர் கண்ணில் படும், அதனால்தான் தபால்.

உனக்கு வேலை தருவதாகச் சொன்ன கம்பெனியை எடைபோடும் பொறுப்பு என்னிடமே வந்தது. கடைகள் இணையத்தில் பொருள் விற்பதற்கான மென்பொருள் செய்கிறவர்கள் அவர்கள். எங்கள் நிறுவனம் அதில் முதலீடு செய்யலாமா என்று நான் அறிக்கை தர வேண்டும். அந்த முதலீடு கிடைத்தால்தான் அவர்களால் உன்னை எடுக்க முடியும். உன்னைப் பற்றி முதல் நாளே மேலாளரிடம் சொல்லிவிட்டேன். "அப்ப நீதாம்மா முதல்ல நல்லா எழுதணும்" என்று சிரித்தார்.

போன வியாழக்கிழமை அவர்கள் அலுவலகத்தில் செய்து காட்டினார்கள். கம்பெனியைத் தொடங்கியவர், உன்னிடம் போனில் பேசினாரே அவர்தான், திரையில் ஒரு குடையைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் கொடுத்தார். இரண்டே நிமிடத்தில் "கடை ஏற்றுக்கொண்டது" என்று வந்தது. மேலாளர் கைதட்டினார். நான் வழக்கம்போலக் கடைசி நாற்காலியில், பலகைத் தடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு நிமிடத்துக்குள் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், "நீலக் குடை ஒண்ணு, பெரிசு. இருக்கா பாருங்கண்ணே, சீக்கிரம்" என்று சொன்னது எனக்கு மட்டும் கேட்டிருந்தது.

அத்தனை பேர் நடுவில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி அடுத்த அறைக்குப் போனேன். இரண்டு பெண்கள், இரண்டு தொலைபேசி, ஒரு பிரிண்டர். வருகிற ஆர்டரை அச்செடுத்துக் கடைக்குப் போன் போட்டுச் சொல்கிறார்கள். கடைக்காரர் சரி என்றதும் ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள். ஒரு நாளைக்கு நாற்பது ஆர்டர் தாண்டினால் கழுத்து பிடித்துக்கொள்கிறது என்றாள் மூத்தவள். அடுத்த வருடம் ஐநூறு கடைகள் சேரும் என்று உங்கள் திட்டத்தில் போட்டிருக்கிறதே, அப்போது என்ன செய்வீர்கள் என்றேன். "எங்க சொந்தக்காரங்க அத்தன பேருக்கும் வேல கெடைச்சிரும்" என்றாள்.

கடையின் இருப்புப் பட்டியலோடு மென்பொருள் தானே நேரடியாகப் பேசும், அந்தப் பகுதி முடிந்துவிட்டது என்றுதான் எங்களுக்குத் தந்த காகிதத்தில் இருக்கிறது. படிக்கட்டில் கம்பெனியைத் தொடங்கியவரைத் தனியாக நிறுத்திக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அத எழுதத்தானே உங்க அண்ணன் வர்றாரு" என்றார்.

ஒரு நிமிடம் மனசு ஆடிப்போனது, மறைக்கவில்லை. நீ எழுதிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் இன்னும் தொடங்காததை முடிந்ததாக எழுதிக் கொடுத்தவர்கள், நாளை உன் பெயரில் எதை எழுதிக் கொடுப்பார்களோ தெரியாது.

"இப்போது முதலீடு வேண்டாம். மூன்று கடைகளிலாவது தொலைபேசி இல்லாமல் ஒரு மாதம் ஓடட்டும், பிறகு பார்க்கலாம்" என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் மாற்றி எழுதச் சொல்லித் திருப்பித் தந்தார். என்னை வாயில்லாப் பூச்சி என்று நினைத்தாராம். இந்த மாதக் கடைசியில்தான் என் வேலையை நிரந்தரமாக்குவது பற்றி முடிவு செய்யப்போவதாகவும், அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும்படியும் சொன்னார். ஞாபகம் இருக்கிறது. திங்கட்கிழமை அதே அறிக்கையைத்தான் மறுபடி கொடுப்பேன். ஒரு வரி குறையாது.

அதனால் அண்ணா, அங்கே ராஜினாமா கொடுத்துவிடாதே. கொடுத்திருந்தால் திரும்பக் கேள், வெட்கம் பார்க்காதே. அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். விழுகிற திட்டு எனக்கே விழட்டும்.

நீ போய் ஆறு வருடமாகிறது. பத்து நாள் லீவு கிடைத்தாலும் வந்துவிட்டுப் போ. இங்கே வேலை கிடைத்தால்தான் வர வேண்டும் என்று உன்னிடம் யாரும் சொன்னதில்லை. என்மேல் கோபம் என்றால் அதையும் எழுது, எத்தனை பக்கம் வேண்டுமானாலும். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் கடிதத்தை எதிர்பார்த்திருக்கும்
தங்கை