நாலாம் அறைக்குப் பதில் சொல்பவர்

மே 12, திங்கள்

காலையிலேயே அனல். கரண்ட் போய்ப் போய் வருகிறது. மொட்டை மாடியில் மோர்மிளகாய், மறக்காமல் எடுக்கணும்.

அம்மா வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீசுக்கு நான் எழுதும் ப்ரோக்ராம் இன்னும் முடியவில்லை. சென்சார் சொல்லும் ஒவ்வொரு அறையின் சூடும் கன்ட்ரோல் பெட்டிக்குள் ஒரு டைரக்டரி, பெயர் ஒட்டிய டப்பா மாதிரி. அறை1, அறை2 இப்படி. அந்தப் பெயரை யார் திறந்தாலும் என் ப்ரோக்ராம்தான் பதில் சொல்லும். இதைத்தான் ரிசோர்ஸ் மேனேஜர் என்பார்கள், பெயருக்குப் பொறுப்பாளி.

தொல்லை என்னவென்றால் சுவரில் இருக்கும் பழைய அலாரம் பலகை. நாலே விளக்கு. நாலு பெயரைத்தான் கேட்கும். புதிதாகக் கட்டிய ஐந்தாம் அறையைத் தெரியாது. அம்மா குச்சி அடைப்பது அந்த ஐந்தில்.

நாலாம் அறையைத் தீ விபத்துக்கு அப்புறம் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள், உள்ளே சென்சார்கூடக் கிடையாது. பேச்சியக்கா உயிர் போனது அதில்தான். அம்மாவின் கூட்டாளி. அன்றிலிருந்து ஆபீசில் யாரும் அந்த எண்ணை வாயால் சொல்வதில்லை. பண்டல் எண்ணும்போதுகூட மூணு, அடுத்து அஞ்சு. கணக்கு எப்படித்தான் சரியாக வருகிறதோ.

மே 13, செவ்வாய்

இணைப்பு எழுதியாச்சு. அறை4 என்று திறந்தால் இனி அறை5 கிடைக்கும். ஒரே இடம், இரண்டு பெயர். டைரக்டரியை டைரக்டரியோடு இணைக்க வழக்கமாக விட மாட்டார்கள், ஒன்றுக்குள் ஒன்று போய் முடிவில்லாமல் சுற்றும் என்று பயம். இங்கே அப்படிச் சுற்ற வழியில்லை. அனுமதித்துவிட்டேன்.

சூப்பர்வைசர் அண்ணாச்சியிடம் நேரில் போய்ச் சொன்னேன். "நாலாம் விளக்கு எரிஞ்சா அஞ்சுல சூடுன்னு அர்த்தம், அண்ணாச்சி. எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு என்னன்னு பாக்கணும். அவியகிட்ட சொல்லிருங்க."

நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சொல்லிருதேம்மா."

வாங்க வேண்டியது: சீரகம், ரீசார்ஜ், அம்மாவுக்குத் தைலம்.

மே 15, வியாழன்

சாப்பிடும்போது அம்மா, ஏதோ பக்கத்து வீட்டு விஷயம் மாதிரி: "பேச்சிக்கு ரொம்ப எரியுதுட்டி. நேத்துலருந்து அவ விளக்கு விட்டு விட்டு எரியுது. எல்லாரும் ஆளுக்கு ஒரு செம்புத் தண்ணி கொண்டு போயி அவ சுவத்துல ஊத்திட்டு வாரோம். ஊத்துன கொஞ்ச நேரத்துல அணைஞ்சிருது."

அண்ணாச்சி சொல்லவே இல்லை. சொல்ல வேண்டுமானால் அந்த எண்ணைச் சொல்ல வேண்டுமே. அவரைப் போனில் கூப்பிட்டுக் கத்தினேன். "நாளைக்குக் காலையில சொல்லிருதேம்மா, கோவப்படாத."

அம்மாவுக்கு நானே விளக்கினேன். சூடு நீங்க உக்காந்திருக்க அறையிலதான்மா, அடைச்ச அறையில ஒண்ணுமே இல்லை, நான்தான் பேரை இணைச்சேன்.

"அப்பம் தண்ணி ஊத்துனதும் ஏன் அணையுது?"

கதவைத் திறந்து போட்டு எல்லாரும் வெளியே போனால் அறை ஆறும். அதுதான் காரணம். சொன்னேன். அம்மா தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

நாளைக்குப் போகாதே என்றேன். பண்டல் தேங்கிக் கிடக்காம்.

மே 16, வெள்ளி

நடந்ததை இன்றே எழுதிவிடுகிறேன்.

மதியம் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன். அறை4-இல் சூடு ஏறியது. இறங்கவே இல்லை. அண்ணாச்சி போனை எடுக்கவில்லை. அம்மாவுக்கு உள்ளே போன் கிடையாது. ஸ்கூட்டியில் போனேன், வழியெல்லாம் என்ன வேண்டினேன் என்று நினைவில்லை. ரயில்வே கேட் தாண்டும்போதே புகை.

போய்ச் சேர்ந்தபோது ஐந்துக்குக் கூரை இல்லை.

பின்பக்கம் ஓடினேன். அடைத்த சுவருக்கு முன்னால் அத்தனை பெண்களும் செம்போடு நிற்கிறார்கள். சுவர் நனைந்து கறுத்திருக்கிறது. அம்மா என்னைப் பார்த்து, "நாங்க யாரும் உள்ள இல்லட்டி. பேச்சிகிட்டதான் நின்னோம்."

மண்ணில் உட்கார்ந்து அழுதேன். அம்மா ஈரக் கையால் என் முகத்தைத் துடைத்தாள்.

காலையில் அண்ணாச்சி எல்லாரையும் நிற்க வைத்துச் சொல்லத்தான் தொடங்கினாராம். "அந்த விளக்கு" என்றதோடு நிறுத்திக்கொண்டாராம். சொல்லியிருந்தால் ஒருவேளை யாராவது என்னவென்று பார்க்க உள்ளேயே நின்றிருப்பார்கள். அதை யோசிக்கவே பிடிக்கவில்லை.

மே 17, சனி

மேகம். பெய்யாது.

ஆபீஸ் மூடியாச்சு. ஐந்தின் சென்சார் எரிந்துபோனது, கன்ட்ரோல் பெட்டி மட்டும் தப்பியது. காலையில் இணைப்பை அழித்தேன். பிறகு ப்ரோக்ராமையே நிறுத்தினேன். எந்த அறையின் பெயருக்கும் இப்போது பொறுப்பாளி இல்லை. எதைத் திறந்தாலும் 'அப்படி ஒன்று இல்லை' என்றுதான் வரணும், ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். அறை1 இல்லை. அறை2 இல்லை. அறை3 இல்லை. அறை5 இல்லை.

நானும் மூன்றுக்கு அப்புறம் ஐந்துக்குப் போயிருக்கிறேன். எழுதும்போதுதான் கவனித்தேன்.

அம்மா பின்னால் வந்து நின்றாள். "இப்பம் பேச்சி எப்படிட்டி இருக்கா, பாரேன்."

அம்மாவின் மனசுக்காக அறை4 என்று அடித்தேன்.

இருபத்தெட்டு டிகிரி.

இரண்டாவது தடவை அடித்தேன். இருபத்தெட்டு.

"ஆறிட்டாம்மா," என்றேன்.