வசந்த்குமார் கேட்ட ரயர்

கெல்சென்கிர்ச்சன்
19.03.2006, ஞாயிறு

அன்பு மகள் நிருபமாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான் சுகமாக இருக்கிறேன், இரத்தச் சீனி வருத்தம் கூடவுமில்லை குறையவுமில்லை. கார்ல்ஸ்ரூஹேயில் நீ சுகமா என்று கேட்கிற உரிமையை மூன்று வருடத்துக்கு முன்னே நானே விட்டுவிட்டேன், ஆனாலும் கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் கேட்கிறேன். அம்மாவைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இங்கே இன்னும் குளிர் விடவில்லை, ஆனால் நான் கார்ச் சில்லு பூட்டுகிற ரயர் கடையில் ஈஸ்டருக்கு முந்தின கூட்டம் தொடங்கிவிட்டது, ஒரு நாளைக்கு முப்பது கார் வருகிறது, குனிந்து நிமிர முதுகு விடுகிறதில்லை. மண்டபம் எடுத்து அழைப்பிதழும் அடித்தபின் நீ வேண்டாம் என்று சொன்ன விமலநாதன் மகனுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருக்கிறது. போன கிழமை சில்லு மாற்ற வந்தபோது எனக்கு ஒரு இனிப்புப் பெட்டி தந்துவிட்டு, இரண்டு காலாலும் நன்றாக நடந்து போனான். இதை எழுதியபின் வெட்டிவிடலாமா என்று யோசித்தேன், வெட்டவில்லை, நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியட்டும்.

உன் கணவன் வசந்த்குமார் எனக்கு எழுதிய கடிதம் இரண்டாம் திகதி வந்தது. நவம்பரில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போனவன், இன்னும் மறுவாழ்வு ஆஸ்பத்திரியில் பொய்க்காலோடு நடை பழகுகிறவன், எனக்கு என்ன எழுதியிருக்கப் போகிறான், திட்டித்தான் எழுதியிருப்பான் என்று நினைத்துக் கடையின் பின்பக்கம் போய் நின்று பிரித்தேன். ஒரு பக்கம்தான். “மாமா, காரை ரிப்பேர் பண்ணிக் கொடுத்துட்டாங்க. நாலு டயரும் புதுசா போடணும். கடைக்காரன் ஸ்போர்ட்ஸ் டயர்தான் போடணும்கறான். இனிமே நிருதான் ஓட்டப்போறா. நீங்க இத்தனை வருஷமா இதே வேலையில இருக்கீங்க, அவளுக்கு எது சேஃபுன்னு நீங்கதான் சொல்லணும்” என்று எழுதியிருந்தான். பதினேழு நாள் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

முதலில் அவன் கேட்டதற்குப் பதில். அந்தக் காரில் கிடந்தது பதினெட்டு அங்குலச் சில்லு, முன்னுக்கு 225 அகலம், பின்னுக்கு 255. பார்க்க வடிவுதான், பெரிய ஆட்கள் ஓடுகிற கார் என்று தெருவில் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அது பின்சில்லால் தள்ளுகிற கார், அந்த அகலம் தண்ணீர் தேங்கின ரோட்டில் மிதக்கும், முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேறு என்பதால் இடம் மாற்றிப் பூட்டவும் ஏலாது, பின்னுக்கு இருக்கிற இரண்டும் கெதியாகத் தேய்ந்துவிடும். நீ பதினேழு அங்குலம் கேள், நான்கும் 225, ஒரே கம்பனி, ரயர் முகத்தில் ஒரே வெட்டு. அந்த அளவு காரின் பதிவுப் பத்திரத்தில் இருக்கிறதா என்று முதலில் பார். கடைக்காரன் சொல்லுகிற ஸ்போர்ட்ஸ் ரயர் காய்ந்த ரோட்டில் வேகமாக வளைப்பதற்கு, உனக்கு வேண்டியது மழையில் பிரேக் பிடித்தால் நிற்கிற ரயர். காற்றுப் போனாலும் ஓடலாம் என்று ஒன்றைக் காட்டுவான், போட்டால் நான்கும் அதுவே போடு, இரண்டு இது இரண்டு அது என்று கலக்காதே. ரயரின் பக்கத்தில் கடைசி நான்கு இலக்கத்தைப் பார், 0506 என்றால் இந்த வருடம் ஐந்தாம் வாரம் செய்தது, 03 என்று முடிந்தால் கடையில் கிடந்து காய்ந்தது, வேண்டாம் என்று சொல். ஒக்டோபரில் குளிர்கால ரயருக்கு மாற்றிவிடு, பனி விழட்டும் பார்ப்போம் என்று இருக்காதே, ஏழு பாகைக்குக் கீழே போனாலே கோடை ரயர் மரக்கட்டை மாதிரி இறுகிவிடும். ரயர் பூட்டுகிறவனின் மகள் நீ, ஒரு யூரோ நாணயக் குற்றியை ரயர் வெட்டுக்குள் விட்டு ஆழம் பார்க்க உனக்கு ஒரு நாளும் தோன்றவில்லையா என்று நினைக்கக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்துக்கும் எனக்கு உரிமை இல்லை. ஏன் என்று இனி எழுதுகிறேன், பிள்ளை, இருந்துகொண்டு வாசி.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் சொல்லாமல் வந்து மணி அடித்தீர்கள். திறந்தது நான். நீ கையில் கேக் பெட்டியோடு “அப்பா” என்றாய். நான் உன் முகத்தைப் பார்த்து, “ஆரைத் தேடுறியள்? இஞ்சை உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரும் இல்லை” என்று, வழி தவறி வந்தவர்களுக்குச் சொல்வதுபோல மரியாதையாகச் சொன்னேன். அந்த மரியாதை உனக்குச் சுட வேண்டும் என்று தெரிந்துதான் சொன்னேன். குசினி வாசலில் நின்ற அம்மாவுக்கு வரக்கூடாது என்று கையைக் காட்டினேன், அவளும் வரவில்லை. இது எல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, நான் கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரத்தால் குப்பைப் பையோடு கீழே இறங்கினது எதற்கு என்பது. குப்பை போட இல்லை, நீங்கள் போகிறீர்களா என்று பார்க்க. நீ காருக்குள் இருந்து அழுதுகொண்டிருந்தாய், என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பனி விழத் தொடங்கியிருந்தது. எனக்கு எந்தக் காரைக் கண்டாலும் கண் முதலில் ரயருக்குத்தான் போகும், குனியத் தேவையில்லை. நான்கும் கோடை ரயர். பின்னுக்கு இரண்டும் தேய்ந்து, வெட்டுக்குள்ளே எல்லை காட்டுகிற அடிமேடு வெளியே தெரிந்தது. அந்த ரயரோடு முந்நூற்றைம்பது கிலோமீற்றர் மலை ஏறி இறங்கிப் போகப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்தது. அன்று காலைதான் அதே மாதிரி ரயரோடு வந்த ஒரு ஜெர்மன் கிழவியின் கார்த் திறப்பைச் சாவி வளையத்தோடு வாங்கி மேசைக்குள் வைத்துவிட்டு, மகன் வந்து ஏற்றிக்கொண்டு போகும்வரை தரமாட்டேன் என்று சண்டை பிடித்திருந்தேன். அந்தக் கிழவியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. வசந்த்குமார் கண்ணாடியை இறக்கி, “மாமா, ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டான். நான் “ஒண்டும் இல்லை, போகலாம்” என்றேன். மறந்துபோய்ச் சொல்லாமல் விடவில்லை, நிரு. ரோட்டில் கொஞ்சம் சறுக்கட்டும், இரண்டு பேரும் பயந்து நடுங்கட்டும் என்று நினைத்தேன்.

வெஸ்டர்வால்ட் மலை ஏற்றத்தில் கார் சுழன்று தடுப்பில் உரசி நின்றதையும், உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கீறலும் இல்லாமல் இருந்ததையும், எச்சரிக்கை முக்கோணம் வைக்க இறங்கினவனைப் பின்னால் வழுக்கி வந்த வான் வண்டி தடுப்போடு சேர்த்து நெரித்ததையும் நீ அம்மாவுக்குப் போனில் சொல்லி, அம்மா எனக்குச் சொன்னாள். அந்த நேரம் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. என் பேச்சைக் கேளாமல் போனவளுக்குக் கிடைத்தது என்று ஒரு திருப்தி வந்தது. அது ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ இருந்திருக்கும், ஆனால் வந்தது. அம்மா உன்னிடம் ஓடி வந்தாள், நான் வரவில்லை. கோயிலில் சனங்கள் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள், மருமகனை நினைத்து உமாபதி அண்ணை உடைந்துபோனார் என்று என்னைப் பற்றிச் சொன்னார்கள். நான் தலையை ஆட்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். கிட்டத்தட்ட நாலு மாதம் அப்படி இருந்தேன். இனியும் இருந்திருப்பேன், அவன் மட்டும் என்னிடம் புத்தி கேட்டு எழுதாமல் இருந்திருந்தால்.

புதன்கிழமை பின்னேரம் அந்த ரயரைப் பற்றி அம்மாவுக்குச் சொன்னேன். அவள் அடுப்பை நிற்பாட்டினாள். “கண்டனீங்களோ?” என்று ஒன்றைத்தான் கேட்டாள். “ஓம்” என்றேன். “கண்டிட்டோ போகச் சொன்னனீங்கள்” என்றாள், அது கேள்வி இல்லை. ஒரு பையில் உடுப்பை அடுக்கிக்கொண்டு பீலெஃபெல்டில் தம்பியார் தியாகு வீட்டுக்குப் போய்விட்டாள். தியாகு போன் எடுத்து, “அத்தான், அக்கா இனி அங்கை வரமாட்டாவாம்” என்றான், நான் சரி என்றேன். அதனால் அம்மா சுகமா என்று என்னிடம் கேட்காதே, உனக்கு எவ்வளவு தெரியுமோ எனக்கும் அவ்வளவுதான். உனக்கு அவள் இன்னும் இதைச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சொல்ல வேண்டியவன் நான் என்று விட்டிருப்பாள்.

உன் கலியாணத்துக்கு எனக்கு இன்றைக்கும் மனம் ஒப்பவில்லை. நீ செய்த அவமானத்தையும் நான் மறக்கவில்லை. இரக்கம் தேடி இதை எழுதுகிறேன் என்று நீ நினைக்கக் கூடாது என்பதற்காக அதையும் எழுதுகிறேன். மன்னிப்பும் கேட்கவில்லை, கேட்டால் நீ இளகிவிடுவாய், உன் சுபாவம் எனக்குத் தெரியும், அப்படி மலிவாக முடியக் கூடாது. இந்தக் கடிதத்தை நீ மட்டும் வாசித்துவிட்டுக் கிழித்துப் போடாதே. உன் கணவருக்குப் பக்கத்தில் இருந்து ஒரு சொல்லும் விடாமல் வாசித்துக் காட்டு, என்னை நம்பிக் கேட்ட மனிதர், யாரிடம் கேட்டார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுத வேண்டாம்.

நீ நல்லாயிரு பிள்ளை, அவரும் எழும்பி நடக்கட்டும். வேறு ஆசீர்வாதம் என் வாயிலிருந்து வந்தால் அது பொய். புது ரயர் பூட்டி ஐம்பது கிலோமீற்றர் ஓடினதும் திரும்பக் கடைக்குக் கொண்டுபோய் நட்டுகளை இன்னொருமுறை இறுக்கச் சொல், நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிடாதே, சில்லு கழன்று போன கார்களை நான் கண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சு. உமாபதி