பிரசவ அறையின் கூரை

நதியா அப்பாவுக்கு,

போனில் பேசினால் சண்டைதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன். நேபாளத்தில் பூகம்பத்தில் இடிந்த ஆஸ்பத்திரியைக் கட்டித் தர, அறக்கட்டளைக்காரர்களோடு இரண்டே மாதம் என்று போனீர்கள். ஆறு மாதம் ஆகிவிட்டது. கேட்டால், "பிரசவ ரூமுக்கு இன்னும் கூரை போடல புள்ள" என்கிறீர்கள். எனக்கு மாதம் நிறைவது உங்களுக்கு மறந்தே போயிற்று.

செவ்வாய்க்கிழமை பூண்டுக் காட்டில் களை எடுக்கும்போது வலி வந்தது. கவுஞ்சியிலிருந்து கொடைக்கானல் ஆஸ்பத்திரி வரை ஜீப்பில் உங்களை வைதுகொண்டே போனேன். "ஏத்தா, முதல்ல பிள்ளையப் பெறு, அவனப் பெறகு வையலாம்" என்றார் உங்கள் அம்மா.

நம் நதியாவுக்குத் தங்கச்சி பிறந்திருக்கிறாள். வெளியே மழை கொட்டியது. எங்கள் மேல் ஒரு சொட்டு விழவில்லை. அங்கே நேபாளத்தில் கூரையில்லாமல் தார்ப்பாய்க்கு அடியில் பிள்ளை பெறுகிறவர்களை அப்போதுதான் நினைத்தேன்.

கூரையை முடித்துவிட்டே வாருங்கள். அதற்கு மேல் ஒரு நாள் தங்கினாலும், குழந்தைக்கு நானே பெயர் வைத்துவிடுவேன்.

கோபம் தீராத,
உங்கள் மனைவி